மனு கொடுத்த படம் இருக்கிறது, மனு என்ன ஆனது? எங்கள் எம்.எல்.ஏ.வுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் அவர்களுக்கு,

பட்ஜெட் கூட்டத்தொடர் முடிந்ததும் நீங்கள் அச்சடித்து வீடு வீடாகக் கொடுக்கச் சொன்ன புத்தகம் எங்கள் தெருவுக்கும் வந்தது. வழவழப்பான தாள், பதினாறு பக்கம். 2025 மார்ச் 14 அன்று பட்ஜெட் தாக்கலானதிலிருந்து ஏப்ரல் 29 அன்று அவை தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது வரை சட்டமன்றத்தில் நீங்கள் ஆற்றிய பணியைத் தொகுதி மக்களுக்குத் தெரிவிக்கவே இது என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஒரு பக்கம் விடாமல் படித்தேன். எங்கள் சுயஉதவிக் குழுவில் படிக்கத் தெரியாத அக்காமார்களுக்குச் சத்தமாக வாசித்தும் காட்டினேன். முடித்ததும் எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: சரி, நம்ம பஸ் விஷயமா இவர் அங்கே என்ன கேட்டார்?

ஏழாம் பக்கத்தில் ஒரு படம் இருக்கிறது. "பொதுமக்களின் கோரிக்கை மனுக்களைப் பெற்றுக்கொண்டபோது" என்று கீழே போட்டிருக்கிறார்கள். அதில் மனுவை நீட்டிக்கொண்டு நிற்பது நான்தான். எனக்குப் பின்னால் நிற்பவர்கள் எங்கள் தெருப் பெண்கள். அச்சு நன்றாக வந்திருக்கிறது, மனுவில் "பொருள்" என்று எழுதியிருக்கும் வரியைக்கூட உற்றுப் பார்த்தால் வாசிக்க முடிகிறது: "நிறுத்தப்பட்ட நைட் ஹால்ட் பஸ்ஸை மீண்டும் இயக்கக் கோருதல்." ராத்திரி ஊருக்கு வந்து தங்கி, விடியற்காலையில் கிளம்புகிற பஸ்ஸைத்தான் நைட் ஹால்ட் என்போம். கூட்டத்தொடர் தொடங்குவதற்கு முன்பே, பிப்ரவரியில், உங்கள் அலுவலகத்துக்கு வந்து கொடுத்த மனு அது. அவையில் பேசுவதற்கு உங்களுக்கு அவகாசம் வேண்டுமே என்றுதான் முன்கூட்டியே வந்தோம். படத்தைப் போட்டுவிட்டீர்கள். மனு என்ன ஆனது என்று பதினாறு பக்கத்தில் ஒரு வரி இல்லை.

நேரில் பார்க்கும்போது காதில் போட்டுவிட்டு வந்துவிடு, இதையெல்லாம் எழுதாதே என்று சிலர் சொன்னார்கள். என்னால் அப்படி விட முடியவில்லை. அந்தப் படத்தில் என் முகம் இருக்கிறது. புத்தகத்தைப் பார்த்தவர்கள் எல்லாம் "பஸ் எப்ப வருது?" என்று என்னைத்தான் கேட்கிறார்கள். பதில் உங்களிடம் இருக்கிறது. அதனால் நாலு பேர் படிக்கும்படியே கேட்கிறேன்.

எங்கள் ஊர் மல்லிகையை நம்பிப் பிழைக்கிற ஊர். மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் பூ போகிற எத்தனையோ ஊர்களில் ஒன்று. காலை 5.10க்கு எதற்கு பஸ் என்று டிப்போவில் எங்களிடம் கேட்டார்கள், அதனால் விவரமாகவே சொல்கிறேன். மல்லிகையை அரும்பாகவே பறிக்க வேண்டும். நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு இருட்டோடு தோட்டத்தில் இறங்குகிறோம். பறித்ததை ஈரத்துணியில் சுற்றிப் பையில் வைத்துக் கமிஷன் கடைக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். வெயில் ஏற ஏற அரும்பு வாய் விட்டுவிடும். வாய் விட்ட பூவுக்கு விலை கிடையாது. மார்கழி, தையில் கிலோ இரண்டாயிரத்தைத் தாண்டிப் போகிற நாள் உண்டு. ஆனால் பனிக்குச் செடி பூக்காது, ஒரு வீட்டுக்குக் கால் கிலோ தேறினாலே பெரிது. சித்திரை, வைகாசியில் செடி கொட்டிக் கொடுக்கும், விலை இருநூறு முந்நூறுக்கு விழுந்துவிடும். அந்தச் சமயத்தில் இரண்டு மூன்று கிலோ பூவுக்காகத் தனி ஆட்டோ பிடித்தால், ஆட்டோ வாடகை, கமிஷன், பறிகூலி எல்லாம் போகக் கையில் ஒன்றும் நிற்காது. பறிக்காமல் செடியிலேயே விட்ட வீடுகள் உண்டு.

நைட் ஹால்ட் பஸ் ஓடிய காலத்தில் இந்தக் கவலை இல்லை. இரவு 8.15க்கு டவுனில் கிளம்பி வந்து ஊரிலேயே தங்கும். டிரைவரும் கண்டக்டரும் ஊராட்சிக் கட்டடத்தில் படுத்துக்கொள்வார்கள். காலை 5.10க்கு முதல் ட்ரிப். பின்படிக்கட்டை ஒட்டிப் பூப்பைகள் வரிசையாக இருக்கும். வழக்கமாக வருகிற ஆள் யாரையாவது காணவில்லை என்றால் கண்டக்டர் அண்ணன் விசில் கொடுக்காமல் ஒரு நிமிடம் பார்ப்பார். 2020 மார்ச்சில் ஊரடங்குக்காக எல்லா பஸ்ஸும் நின்றது. பிறகு பகல் ட்ரிப் இரண்டு மட்டும் வந்தது, காலை 9.30க்கும் பிற்பகல் 3.15க்கும். நைட் ஹால்ட் திரும்ப வரவே இல்லை.

பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் 2021 மே 8இல் தொடங்கியது. அதற்கு ஒரு வருடம் முன்னாலேயே எங்கள் பஸ் நின்றுவிட்டது. ஆகவே பூவோடு போகிற அதிகாலைப் பயணத்துக்கும், டவுனில் ஜவுளிக்கடை வேலை முடிந்து திரும்புகிற ராத்திரிப் பயணத்துக்கும் அந்த இலவச டிக்கெட் எங்கள் ஊர்ப் பெண்கள் கைக்கு ஒருநாளும் வந்ததில்லை. 9.30 பஸ் உதவுகிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். பேங்குக்கும் ஆஸ்பத்திரிக்கும் தாலுகா ஆபீஸுக்கும் அதில்தான் போய் வருகிறோம். சம்பாதிக்கப் போகிற நேரத்துக்கும் படித்துவிட்டுத் திரும்புகிற நேரத்துக்கும்தான் பஸ் இல்லை. உங்கள் புத்தகத்தின் மூன்றாம் பக்கத்தில் விடியல் பயணம் என்கிற இந்த இலவசப் பயணத் திட்டத்துக்கு 2025-26இல் ரூ.3,600 கோடி ஒதுக்கீடு என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. நல்ல திட்டம், மனதாரச் சொல்கிறேன். நல்ல திட்டம் என்பதால்தான் அது எங்கள் ஊர் எல்லையில் ஏன் நின்றுபோனது என்று கேட்கிறேன்.

அடுத்த வீட்டுப் பெண்ணைப் பற்றி மனுவிலும் எழுதியிருந்தேன். அரசுப் பள்ளியில் படித்து, டவுனில் இருக்கிற கல்லூரியில் பி.எஸ்சி. சேர்ந்தாள். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவள் கணக்கில் ஏறியது. லேப் இருக்கிற நாளில் கல்லூரி விட நாலரை மணி ஆகும். 3.15 பஸ் போயிருக்கும். மெயின் ரோடு பஸ்ஸில் ஏறி எங்கள் ஊர் விலக்கில் இறங்கினால், அங்கிருந்து ஊருக்கு நான்கு கிலோமீட்டர். ரோட்டின் இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம், விளக்கு கிடையாது. டவுனிலிருந்து ஊர் வரைக்கும் ஷேர் ஆட்டோவுக்கு நாற்பது ரூபாய், அதுவும் ஆள் சேர்ந்தால்தான் எடுப்பார்கள். மாதத்துக்கு இருபத்தைந்து நாள் என்று வைத்தால் அரசு போட்ட ஆயிரம் ரூபாய் அப்படியே ஆட்டோவுக்குப் போய்விடும். ஐப்பசி மழையில் ஒருநாள் ஆட்டோ கிடைக்காமல் விலக்கிலேயே இருட்டும் வரை நின்றிருக்கிறாள். அவள் அப்பா சைக்கிளில் போய்க் கூட்டிவந்தார். அதற்கு அடுத்த வருடம் அவள் கல்லூரிக்குப் போகவில்லை. இப்போது அம்மாவோடு சேர்ந்து பூப் பறிக்கிறாள். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண் அவள்.

எங்கள் ஊர் மந்தையில் உங்கள் தொகுதி மேம்பாட்டு நிதியில் கட்டிய பயணியர் நிழற்குடை இருக்கிறது. கிரானைட் இருக்கை, மேலே உங்கள் பெயர், கட்டிய ஆண்டு எல்லாம் இருக்கிறது. அதைக் குறை சொல்ல வரவில்லை, வெயிலுக்கு உட்காருகிறோம். ஆனால் மாலை நான்கு மணிக்கு மேல் அதில் நிற்பதற்கு ஒரு பஸ் இல்லை. தொகுதி நிதி ஆண்டுக்கு ரூ.3 கோடி. அதில் நிழற்குடை கட்டலாம், உயர்கோபுர விளக்குப் போடலாம், ரேஷன் கடைக்குக் கட்டடம் எழுப்பலாம். பஸ் ஓட்ட முடியாது. அது எங்களுக்கும் தெரியும். பஸ் வேண்டுமென்றால் அரசாங்கத்தைக் கேட்க வேண்டும். துறை அமைச்சர் எழுந்து நின்று, அவைக் குறிப்பில் ஏறும்படி பதில் சொல்கிற இடம் சட்டமன்றம். அங்கே கேட்பதற்கு 234 பேரில் எங்களுக்கென்று இருப்பது நீங்கள் ஒருவர்தான். எங்களுக்கு உங்களிடம் பெரிய தேவை இதுதான் ஐயா. மற்ற எல்லாம் இதற்கு அப்புறம்.

கேள்வி நேரத்தை 2022 ஜனவரியிலிருந்து நேரலையில் காட்டுகிறார்கள். காலையில் பூ அனுப்பிவிட்டு, மிச்சப் பூவைச் சரமாகக் கட்டிக்கொண்டே செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்து நாங்கள் பார்ப்பது உண்டு. எங்களுக்கு என்ன புரியும் என்று நினைக்காதீர்கள். எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், புரியாததை அவரிடம் கேட்டுக்கொள்வோம். வேறு தொகுதி உறுப்பினர்கள் எழுந்து, இன்ன ஊராட்சியில் துணை சுகாதார நிலையம் வருமா, இன்ன ஊருக்குப் பாலம் வருமா என்று ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேட்கிறார்கள். அமைச்சர் பதில் சொல்கிறார். ஆய்வு செய்து, சாத்தியக்கூறு இருந்தால், நிதிநிலைக்கு ஏற்பப் பரிசீலிக்கப்படும் என்பதுதான் பெரும்பாலும் பதில். இருந்தாலும் அது பதில். அந்த ஊர்க்காரர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த வருடம் மறுபடி கேட்கலாம். அமைச்சர் அவையில் கொடுத்த வாக்குறுதி நிறைவேறியதா என்று பார்க்கவே அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. எங்கள் ஊர்ப் பெயர் அங்கே ஒரு தடவை உச்சரிக்கப்பட்டிருந்தால் எங்கள் கையிலும் அப்படி ஒரு தாள் இருந்திருக்கும்.

ஆளுங்கட்சி உறுப்பினர் எழுந்து சொந்த அரசாங்கத்தைக் கேள்வி கேட்க முடியாது என்று உங்கள் அலுவலகத்தில் இருக்கிற தம்பி எங்களுக்கு விளக்கம் சொன்னார். அது சரியில்லை. நேரலையில் ஆளுங்கட்சி உறுப்பினர்கள் தினமும் கேட்கிறார்கள், துணைக் கேள்வியும் கேட்கிறார்கள். துறைக்குக் கேட்கிற பணத்தைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானம் கொடுப்பது எதிர்க்கட்சிக்காரர்கள் வேலை என்றே வைத்துக்கொள்வோம். கேள்வி எல்லோரும் கொடுக்கலாம், அவசரமான விஷயத்துக்கு அமைச்சரைப் பதில் சொல்ல வைக்கிற கவன ஈர்ப்பு கொடுக்கலாம், போக்குவரத்துத் துறை தன் செலவுக்கு அவையிடம் பணம் கேட்கிற மானியக் கோரிக்கை வந்த அன்று பேச வாய்ப்புக் கேட்கலாம். எதுவும் முடியாவிட்டால் எங்கள் மனுவைச் சட்டமன்ற மனுக்கள் குழுவுக்கு அனுப்பியிருக்கலாம். இதில் எதைச் செய்தீர்கள் என்றுதான் உங்கள் புத்தகத்தில் தேடினேன்.

ஐந்தாம் பக்கத்தில் நீங்கள் அவையில் பேசியதைப் பற்றி அரைப் பக்கம் இருக்கிறது. தலைவர்களுக்கும் அமைச்சர்களுக்கும் நன்றி சொன்னது அதில் பெரும்பகுதி. கடைசி வரி: "தொகுதியின் பல்வேறு கோரிக்கைகளை வலியுறுத்திப் பேசினார்." எந்தத் தேதியில், எந்தக் கோரிக்கை, யார் என்ன பதில் சொன்னார்? மற்ற பக்கங்களில் கபடிப் போட்டித் தொடக்கம், கும்பாபிஷேகம், கல்யாண வீடுகள், காதுகுத்து. நீங்கள் எங்கள் நல்லது கெட்டதுக்கு வருவதை நாங்கள் மறப்பதில்லை. என் மாமியார் இறந்தபோதும் வந்தீர்கள். ஆனால் சட்டமன்றத்தில் செய்த பணி என்று தலைப்புப் போட்டுக் கொடுக்கிற புத்தகத்தில் சட்டமன்றம் அரைப் பக்கம்தானா?

சட்டம் என்றதும் இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கடனை வசூலிக்க வந்து மிரட்டுவதையும் அவமானப்படுத்துவதையும் தடுக்கிற மசோதா இதே கூட்டத்தொடரின் கடைசி நாட்களில் நிறைவேறியது. வற்புறுத்தி வசூலித்தால் மூன்று ஆண்டு வரை சிறை என்று செய்தியில் படித்தோம். எங்கள் தெருவில் குழு லோன் வாங்காத வீடு குறைவு. வாரத் தவணை தவறினால் வசூலுக்கு வருகிறவர் வாசலில் உட்கார்ந்துவிடுவார், பொழுது சாய்ந்தாலும் எழுந்திருக்க மாட்டார். ஒரு வீட்டு ஆள் கட்டவில்லை என்றால் குழுவில் இருக்கிற மற்ற பெண்களை அந்த வீட்டுக்கு அனுப்பிச் சண்டை போட வைப்பார்கள். அக்கம்பக்கத்து உறவே அதனால் கெட்டுப்போன வீடுகள் இருக்கின்றன. இந்தச் சட்டம் குழு லோன் கொடுக்கிற மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கும் பொருந்துமா? எப்படிப் பொருந்தும்? மிரட்டினால் யாரிடம் புகார் கொடுப்பது, ஸ்டேஷனில் எடுத்துக்கொள்வார்களா? அந்த மசோதா வந்தபோது அவைக்குள்ளே இருந்தவர் நீங்கள். எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் வருகிற ஒரு சட்டம் பற்றி உங்கள் புத்தகத்தில் எதுவும் இல்லை. மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி அமைப்புகளில் நியமன உறுப்பினர்களாக்கும் மசோதாவும் ஏப்ரலில்தான் வந்தது. எங்கள் ஊரில் போலியோவில் கால் போன ஒரு தம்பி இருக்கிறார், ஊர் வேலைக்கெல்லாம் முதலில் நிற்பவர். அவரிடம் போய்ச் சொல்ல வேண்டிய செய்தி இல்லையா அது?

பஸ்ஸுக்கு வருகிறேன். டிரைவர், கண்டக்டர் பற்றாக்குறை, வசூலும் போதாது என்று டிப்போவில் சொன்னார்கள். பெண்கள் டிக்கெட்டுக்கான பணத்தை அரசு போக்குவரத்துக் கழகத்துக்குக் கொடுத்துவிடுகிறது. அதற்குத்தான் அந்த ரூ.3,600 கோடி. பிறகு எங்களை வைத்து வசூல் இல்லை என்று சொன்னால் எப்படி? ஆள் பற்றாக்குறை உண்மையாகவே இருக்கலாம். இருந்தால் எத்தனை பேர் குறைவு, எப்போது எடுப்பார்கள் என்று அமைச்சரிடம் கேட்டுச் சொல்ல உங்களால் முடியும், எங்களால் முடியாது. மினி பஸ் வரும், பொறுங்கள் என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். ஜூன் மாதம் தஞ்சாவூரில் தொடங்கிவைத்த புதிய மினி பஸ் திட்டம் தனியார் ஓட்டுவது. அதில் பெண்களுக்கு இலவசம் இல்லை. ஆள் இல்லாத நேரத்தில், விடிவதற்கு முன்பும் ராத்திரி எட்டு மணிக்கும், தனியார் ஒருவர் எங்கள் ஊர் ரோட்டில் வண்டி ஓட்டுவார் என்று நம்புவதற்கு எங்களுக்கு எந்த ஆதாரமும் தெரியவில்லை. வந்தால் பகலுக்கு நல்லதுதான். நைட் ஹால்ட்டுக்கு அது மாற்று ஆகாது.

2022 ஆகஸ்டில் முதலமைச்சர் 234 உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதி, தொகுதியின் முக்கியமான பத்துக் கோரிக்கைகளை மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கச் சொன்னார். நீங்களும் கொடுத்திருப்பீர்கள். அந்தப் பத்து என்னென்ன என்று தொகுதியில் யாருக்கும் தெரியாது. எங்கள் கண்மாய் மடை உடைந்து, வரத்துக் கால்வாய் தூர்ந்து, மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காமல் போகிறது. பூவுக்கு இப்போது போர்வெல் தண்ணீர்தான், அதுவும் வருடா வருடம் கீழே போகிறது. அந்தப் பத்தில் எங்கள் கண்மாய் இருக்கிறதா? இல்லையென்றால் எது இருக்கிறது? மூன்று வருடத்தில் எத்தனை முடிந்தது? எங்கள் பெயரில் கொடுத்த பட்டியலை எங்களுக்குக் காட்டுவதில் என்ன தயக்கம்?

இன்னொரு நிலைமையையும் யோசித்துப் பாருங்கள். ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர்கள் எல்லோருக்கும் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்துவிட்டது. தேர்தல் நடக்கவில்லை. அரசு நியமித்த தனி அலுவலர்தான் பார்க்கிறார், அவர் கையில் பல ஊராட்சி. முன்பு தண்ணீர் வராவிட்டால் தலைவர் வீட்டு வாசலில் போய் நிற்போம். இன்றைக்கு நாங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்களில் மாநில அரசிடம் எங்களுக்காகப் பேச மிச்சம் இருப்பது நீங்கள்தான். அதனாலேயே இந்த வருடம் உங்கள் கணக்கு எங்களுக்கு முன்னைவிட முக்கியமாக இருக்கிறது.

நாள் அதிகம் இல்லை. இரண்டு கூட்டங்களுக்கு நடுவில் ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது என்று அரசியல் சட்டத்தின் 174ஆம் பிரிவு சொல்கிறது. அப்படியென்றால் அக்டோபர் முடிவதற்குள் அவை கூடியாக வேண்டும். 2026இல் பொதுத்தேர்தல். தேர்தல் வருடத்தில் இடைக்கால பட்ஜெட்தான் வரும். துறைவாரியாக மானியக் கோரிக்கை விவாதம் அப்போது நடக்காது. ஆகவே எங்கள் பஸ்ஸுக்காக நீங்கள் நிதானமாகக் கேள்வி கொடுத்து, பதில் வாங்கி, அந்தப் பதிலைத் துரத்திப் பிடிக்க இந்த அக்டோபர் கூட்டம்தான் மிச்சம் இருக்கிறது.

நாங்கள் கேட்பது இவை.

நைட் ஹால்ட் பஸ் எந்தத் தேதியில், யாருடைய உத்தரவால் நிறுத்தப்பட்டது, இரவு 8.15, காலை 5.10 ட்ரிப்புகள் எப்போது திரும்ப வரும் என்று போக்குவரத்துத் துறை அமைச்சரிடம் எங்கள் ஊர்ப் பெயரைக் குறிப்பிட்டு அடுத்த கூட்டத்தில் கேள்வி கொடுங்கள். தொகுதியில் இதே மாதிரி ஊரடங்கோடு நின்றுபோன மற்ற ட்ரிப்புகளையும் சேர்த்துக் கேளுங்கள். பக்கத்து ஊர்க்காரர்களும் எங்களிடம் இதையேதான் சொல்கிறார்கள். கேள்வி கொடுத்ததற்கான நகலை எங்களுக்குத் தாருங்கள். அவையில் அதை எடுக்காமல் விட்டால் அதையும் சொல்லுங்கள், உங்கள்மேல் குறை சொல்ல மாட்டோம். அதுவரை காத்திருக்காமல், கல்லூரி இருக்கிற நாட்களிலாவது 3.15 ட்ரிப்பை 5 மணிக்குத் தள்ளிவிடக் கிளை மேலாளரிடம் இந்த வாரமே பேசுங்கள். அதற்குப் புது வண்டியும் வேண்டாம், புது டிரைவரும் வேண்டாம்.

எங்கள் பிப்ரவரி மனு இப்போது எந்த மேசையில் இருக்கிறது என்று எழுத்தில் சொல்லுங்கள். யாருக்கும் அனுப்பவில்லை என்றால் மனுக்கள் குழுவுக்கு அனுப்புங்கள்.

இந்தக் கூட்டத்தொடரில் நீங்கள் அவைக்குப் போன நாட்கள், கொடுத்த கேள்விகள், பேசிய பேச்சின் முழு வாசகம், அமைச்சர்கள் தந்த பதில்கள், இவற்றைத் தொகுத்து ஒரு தாளில் கொடுங்கள். வழவழப்பான தாள் வேண்டாம், ஜெராக்ஸ் போதும். 2022இல் கொடுத்த பத்துக் கோரிக்கைகளையும், தொகுதி நிதியில் ஊர் வாரியாக நடந்த வேலைகளையும் தொகையோடு அதிலேயே சேருங்கள். ஊராட்சி அலுவலக வாசலில் ஒட்டிவிட்டால் எல்லோரும் பார்ப்போம்.

கடன் வசூல் சட்டம் பற்றிச் சுயஉதவிக் குழுப் பெண்களுக்கு ஒரு கூட்டம் போடுங்கள். மேடை, மாலை எதுவும் வேண்டாம், பள்ளிக்கூடத் தாழ்வாரம் போதும். சட்டம் தெரிந்த ஒருவரையும், எங்கள் சரகத்துப் போலீஸ் அதிகாரி ஒருவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நாங்கள் கேட்கிற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லட்டும்.

ஆகஸ்ட் 15 அன்று கிராம சபை. தனி அலுவலர் நடத்துகிறார். அன்றைக்கு நைட் ஹால்ட் பஸ்ஸுக்காகத் தீர்மானம் போடுகிறோம். நீங்கள் நேரில் வந்து இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். வேறு வேலை இருந்து வர முடியாது என்றால் பதிலைக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவையுங்கள், கூட்டத்தில் வாசிக்கிறோம். கூட்டம் காலை 11 மணிக்கு, மந்தையில் நீங்கள் கட்டிக்கொடுத்த நிழற்குடைக்குப் பக்கத்தில்.

இப்படிக்கு,
ஏழாம் பக்கத்துப் படத்தில் மனுவோடு நிற்கிற உங்கள் தொகுதி வாக்காளர்
2025 ஜூலை